கிளம்ப மறுக்கும் டீசல் எஞ்சின்: குறை காணும் முறை

நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உழவு முடிய வேண்டும். நோயுற்ற கால்நடைக்கு மருந்து அன்றைய தினமே போய்ச் சேர வேண்டும். விதையும் உரமும் பருவம் தவறாமல் கிராமத்தை அடைய வேண்டும். இவை யாவும் இன்று பெரும்பாலும் ஒரு டீசல் எஞ்சினை நம்பியே நடைபெறுகின்றன. அவ்வெஞ்சின் காலையில் கிளம்ப மறுக்குமாயின், ஒரு நாள் வேலை வீணாவதோடு, பதற்றத்தினால் செய்யப்படும் தவறுகள் பெரும் நஷ்டத்திற்கும், சில வேளைகளில் உயிர்ச்சேதத்திற்கும் காரணமாகின்றன.

எஞ்சின் கிளம்பாதபோது பலரும் முதலில் செய்வது சாவியைத் திருப்பியபடியே பிடித்திருப்பது. அடுத்துச் செய்வது கையில் கிடைத்த ஸ்பானரைக் கொண்டு எதையேனும் கழற்றுவது. இரண்டுமே தவறு. முன்னது பாட்டரியை வடித்துவிடும். பின்னது இருந்த ஒரு குறையோடு புதிதாக மற்றொரு குறையைச் சேர்த்துவிடும். எதையும் கழற்றுமுன் எஞ்சின் இரண்டு அடையாளங்களின் மூலம் தன் நோயைத் தானே தெரிவிக்கிறது. ஒன்று, ஸ்டார்ட்டர் அதைச் சுழற்றும் வேகம். மற்றொன்று, அவ்வாறு சுழலும்போது புகைபோக்கியில் வெளிவரும் புகை. இவ்விரண்டையும் ஒழுங்காகக் கவனிக்கக் கற்றவர், பெரும்பாலான குறைகளை மெக்கானிக்கின் உதவியின்றியே இனங்கண்டுகொள்ள இயலும்.

தீப்பொறி இல்லாத தீ

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை மின்பொறியினால் பற்றவைக்கப்படுகிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மாத்திரம் இழுக்கப்பட்டு, பிஸ்டனால் மிகவும் அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் எரிபொருள் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டவுடன் தானே தீப்பற்றுகிறது. இம்முறைக்கு ருடால்ஃப் டீசல் என்னும் பொறியியலறிஞர் 1893-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவரது எஞ்சின் வெற்றிகரமாகச் சோதித்துக் காட்டப்பெற்றது.

காற்றை அமுக்கினால் சூடேறுவது ஏன் என்பதை விளக்குவது எளிது. அமுக்குவதற்காகச் செய்யப்படும் வேலை காற்றின் உள்ளாற்றலாக மாறுகிறது. அவ்வெப்பம் வெளியேற நேரம் இல்லாவிடில் காற்றின் வெப்பநிலை உயர்கிறது. டிராக்டர் எஞ்சின்களில் காற்று ஏறக்குறைய 17-இல் ஒரு பங்கு கன அளவிற்கு அமுக்கப்படுவதுண்டு. 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள காற்றை வெப்பம் சிறிதும் வெளியேறாதபடி இவ்வளவு அமுக்கினால் அதன் வெப்பநிலை சுமார் 660 டிகிரி செல்சியஸை எட்டும். இது இலட்சியக் கணக்கு. உண்மையில் சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருப்பதால் வெப்பத்தில் ஒரு பகுதி அதனுள் போய்விடுகிறது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே காற்றும் சிறிது கசிகிறது.

எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்கு இவ்விழப்பு மிகும். கணக்கில் இதனை அடுக்கெண்ணின் குறைவாகக் காட்டலாம். இழப்பே இல்லாதபோது 17 என்னும் விகிதம் 0.4 அடுக்கிற்கு உயர்த்தப்படுகிறது. மிதமான இழப்பிற்கு 0.3 எனக் கொண்டால், 300 கெல்வின் காற்று சுமார் 430 டிகிரி செல்சியஸை அடையும். மிகுந்த இழப்பிற்கு 0.2 எனக் கொண்டால் சுமார் 255 டிகிரியே கிட்டும். அன்று காலை காற்றின் வெப்பநிலை 2 டிகிரியாக இருந்துவிட்டால் இது 210 டிகிரி அளவிற்கு இறங்கிவிடும். டீசல் எண்ணெய் தானே தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலையும் ஏறக்குறைய 210 டிகிரியே. கண்ணிமைப்பதற்குள் அது பற்றுவதற்கு இதனினும் மிகுதியான சூடு தேவை. ஆகவே நல்ல எரிபொருளும் பழுதற்ற எஞ்சினும் இருந்தும், சுழற்சி மெதுவாக இருந்தால் தீ பற்றாது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

இதிலிருந்து டீசல் எஞ்சின் கிளம்புவதற்கு வேண்டியவை நான்கு என அறியலாம்: போதிய சுழல்வேகம், காற்றுக் குமிழியற்ற எரிபொருள், தடையற்ற காற்று, கசிவற்ற அமுக்கம். குறையைத் தேடுவதும் இதே வரிசையில் அமைய வேண்டும். அடிக்கடி நேரும் குறைகளும் எளிதில் சோதிக்கக்கூடியவையும் வரிசையின் முதலில் இருப்பதே இதற்குக் காரணம்.

சாவியைத் தொடுமுன்

கியர் நியூட்ரலில் உள்ளதா, கைப்பிரேக் போடப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கப்படும் குமிழ் உள்ள வண்டிகளில், அது மீண்டும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா என்பதையும் காண வேண்டும். முந்தைய நாள் மாலை இழுத்துவிட்ட குமிழை மறந்துவிட்டு, மறுநாள் காலை பாட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரை ஓட்டியவர் உண்டு. பின்பு தொட்டியில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, எஞ்சின் எண்ணெய் போதிய அளவு உள்ளதா என்பன கவனிக்கத்தக்கவை.

டிராக்டரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சாவியில் வேலை செய்யாத ஸ்டார்ட்டரின் மின்முனைகளைத் திருப்புளியால் குறுக்கே இணைத்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அவ்வாறு செய்பவர் பெரும்பாலும் பின்சக்கரத்திற்கு முன்னால் தரையில் நின்றுகொண்டிருப்பார். கியர் விழுந்திருக்குமாயின், எஞ்சின் கிளம்பிய அக்கணமே டிராக்டர் முன்னோக்கி நகர்ந்து அவர்மீது ஏறிவிடும். கிளட்சை மிதித்தாலன்றி, அல்லது கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காதபடி அமைக்கப்பட்டுள்ள காப்புச் சுவிட்சையும் இக்குறுக்குவழி பயனற்றதாக்கிவிடுகிறது. டிராக்டரை இருக்கையில் அமர்ந்துதான் கிளப்ப வேண்டும். இவ்விதிக்கு விலக்கே இல்லை.

வெள்ளத்தில் மூழ்கியெழுந்த வண்டியையும் சாவி கொண்டு சோதித்துப் பார்த்தல் கூடாது. நீர் அமுங்காத பொருள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். அத்தகைய வண்டி கட்டியிழுக்கப்பட்டுப் பணிமனைக்கே செல்ல வேண்டும்.

முதற்படி: சுழலும் வேகம்

சாவியைத் திருப்பிப் பத்து வினாடிகளுக்கு மேற்படாமல் ஸ்டார்ட்டரை இயக்கி, அதன் ஒலியைக் கேட்க வேண்டும். பின்பு ஒரு நிமிடம் ஓய்வு தரப்பட வேண்டும். இவ்வாறு மூன்று முறை முயன்றும் பயனில்லையெனில் முயற்சியை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை. ஓய்வின்றி ஓட்டப்படும் ஸ்டார்ட்டரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

ஸ்டார்ட்டர் ஒலியே எழுப்பவில்லையெனில் மின்சாரம் அதனை அடையவில்லை என்பது பொருள். ‘டக் டக்’ என்னும் ஒலி மாத்திரம் கேட்குமாயின், அல்லது எஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழலுமாயின், பாட்டரி, அதன் இணைப்புகள், ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை உள்ளது. டிராக்டர் எஞ்சின் கிளம்புவதற்குப் பெரும்பாலும் நிமிடத்திற்கு 100 முதல் 200 சுற்று வரை தேவைப்படும். இவ்வேகம் கிடைக்காதவரை எரிபொருள் குழாய்களைக் கழற்றுவதால் யாதொரு பயனும் இல்லை.

12 வோல்ட் பாட்டரி முழுமையாக மின்னேற்றம் பெற்று ஓய்விலிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் காட்டினால் பாதியளவு மின்னேற்றமே உள்ளது; 12.0 வோல்ட் என்பது ஏறக்குறைய கால் பங்கைக் குறிக்கும். எனினும் ஓய்விலுள்ள அளவை மட்டும் நம்பலாகாது. ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அளந்து பார்க்க வேண்டும். அப்போது 9.6 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால் பாட்டரி மின்னேற்றம் குறைந்தோ தேய்ந்தோ உள்ளது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுக்கிறது எனக் கொள்ளலாம்.

பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் சுழற்சி மெதுவாக இருப்பின், ஐயம் இணைப்புகள்மீது செல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் சில நூறு ஆம்பியர் அளவுடையது. மின்முனைக்கும் கவ்விக்கும் இடையே பூத்துள்ள வெண்ணிற அல்லது பச்சை நிற உப்பு, ஓர் ஓமில் நூறிலொரு பங்குத் தடையை மாத்திரமே உண்டாக்குவதாகக் கொள்ளலாம். 300 ஆம்பியர் மின்சாரம் பாயும்போது அச்சிறு தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்கு பிரகாசமாக எரிகிறதே என்று பாட்டரி இணைப்பை நம்புபவர் ஏமாறுவது இதனால்தான். விளக்கிற்குச் சில ஆம்பியரே போதுமாதலால், அதே தடையில் அது இழப்பது மிகச் சொற்பம்.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். அக்டோபர் மாதத்தில் ஒரே முயற்சியில் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு டிராக்டர், டிசம்பர் மாத இறுதியில் காலை வேளைகளில் மறுக்கிறது, நண்பகலில் கிளம்புகிறது. ஓய்வில் பாட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது. சுழலும்போது பாட்டரியின் ஈய முனைகளில் 10.8 வோல்ட் உள்ளது. ஆனால் ஸ்டார்ட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 8.4 வோல்ட்தான் கிடைக்கிறது. இடையில் 2.4 வோல்ட் மறைந்துவிட்டது. வோல்ட் அளவியின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டர் முனையிலும் வைத்துச் சுழற்றினால் 0.3 வோல்ட், இது குற்றமற்றது. எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வைத்தால் 2.1 வோல்ட். 0.2 வோல்ட்டிற்கு மேற்படக் கூடாத இடம் அது. எர்த் கம்பி எஞ்சினோடு சேருமிடத்தில் வர்ணமும் துருவும் படிந்திருந்ததே நோயின் மூலம். உப்புக்காகிதத்தால் தேய்த்து இறுக்கியதோடு சிகிச்சை முடிந்தது. அக்டோபரில் எண்ணெய் இளகியிருந்ததாலும் காற்று வெதுவெதுப்பாக இருந்ததாலும் குறை வெளிப்படவில்லை. குளிர் அதனைக் காட்டிக்கொடுத்தது. அக்குறையை அறியாதவர் புதிய பாட்டரி வாங்கியிருப்பார். அதன் பின்னரும் டிராக்டர் மறுத்தே இருக்கும்.

பாட்டரியைக் கையாளுகையில் சில விதிகள் உண்டு. மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக்கூடும். ஆகவே பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் அருகில் கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். பிற வண்டியின் பாட்டரியால் கிளப்ப நேரிட்டால், முதலில் நேர்முனையோடு நேர்முனையை இணைத்து, பின்னர் நல்ல பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கிளம்பாத எஞ்சினின் உலோக உடலில், பாட்டரிக்குத் தொலைவில் இணைப்பதே பாதுகாப்பு.

இரண்டாம் படி: புகை கூறும் செய்தி

எஞ்சின் போதிய வேகத்துடன் சுழன்றும் கிளம்பவில்லையெனில், ஒருவர் சுழற்ற மற்றொருவர் புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும்.

புகையே வராவிடில் எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை. தேடல் தொட்டியிலிருந்து தொடங்கி இன்ஜெக்டரில் முடிய வேண்டும்.

வெண்புகை வருமாயின் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. குளிர், ஹீட்டர் பிளக்கின் பழுது, அமுக்கக் குறைவு, எரிபொருளில் நீர் கலந்திருத்தல், பீய்ச்சும் காலத்தின் பிசகு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

கரும்புகை வருமாயின் எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும்.

நீலப்புகை வருமாயின் எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து எரிகிறது. வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்துள்ளன எனலாம்.

எரிபொருளும் காற்றுக் குமிழியும்

புகையே இல்லாத நிலையில் மிகப் பொதுவான காரணம், மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று கூறும் காற்றடைப்பு. தொட்டி ஒருமுறை வறண்டுபோனாலும், வடிகட்டி மாற்றப்பட்டாலும், குழாயின் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் காற்று உட்புகும். இன்ஜெக்ஷன் பம்பு ஒவ்வொரு வீச்சிலும் ஒரு சிலிண்டருக்கு அனுப்பும் எரிபொருள் ஏறத்தாழ ஒரு சிறு துளியளவே. பம்பின் அழுத்தத்தால் இன்ஜெக்டரின் ஊசி எழும்பித் துளை திறக்க வேண்டும். டீசல் எளிதில் அமுங்காது, காற்றோ அமுங்கும். குழாயில் குமிழி இருந்தால் பம்பின் வீச்சு முழுவதும் அக்குமிழியை அமுக்குவதிலேயே செலவாகி, ஊசி எழாமலேயே நின்றுவிடுகிறது.

காற்றை வெளியேற்றும் முறை பின்வருமாறு. தொட்டியில் டீசலை நிரப்பிக் குழாயைத் திறக்க வேண்டும். வடிகட்டியின் அடியில் தேங்கியுள்ள நீரையும் கசடையும் வடித்துவிட வேண்டும். முதல் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை இயக்கினால் நுரையோடு டீசல் வெளிவரும். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை இயக்கி, அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். பின்னர் இரண்டாம் வடிகட்டியிலும், அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலும் இதே முறையைக் கையாள வேண்டும். கைப்பிடியை எவ்வளவு இயக்கினாலும் நுரை நிற்காவிடில், தொட்டிக்கும் ஃபீட் பம்பிற்கும் இடையே எங்கேனும் காற்று உறிஞ்சப்படுகிறது. அப்பகுதியில் டீசல் வெளியே ஒழுகாமலேயே காற்று உள்ளே புகக்கூடும் என்பது நினைவிருக்க வேண்டும்.

கிளம்பிச் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும் எஞ்சினில், தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் இதுவே காரணம். குளிர்ந்திருக்கையில் கிளம்பிச் சூடேறியபின் மறுக்கும் எஞ்சினில், தேய்ந்துபோன சுழல்வகை இன்ஜெக்ஷன் பம்பை ஐயுற வேண்டும். சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இடுக்குகள் வழியே கசிந்து, அழுத்தம் எழாமற்போகிறது. இது தனிக் கருவிகளுள்ள பணிமனையில் மட்டுமே சீர்செய்யத்தக்கது.

இன்ஜெக்டரிலிருந்து பீய்ச்சும் டீசலைக் கையால் தடுத்துப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. அத்தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தியது போலவே தோன்றினாலும், தாமதமின்றி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெறாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

குளிரும் டீசலும்

டீசலில் இயற்கையாகவே மெழுகுப் பொருள்கள் கரைந்துள்ளன. குளிரில் அவை படிகங்களாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தின் 1460-ஆம் எண் விவரக்குறிப்பு, டீசலின் பாய்வு நின்றுவிடும் நிலைக்கான உச்ச வரம்பைக் கோடைக்கு 15 டிகிரி செல்சியஸ் எனவும், குளிர்காலத்திற்கு 3 டிகிரி எனவும் வகுத்துள்ளது. ஆகவே கோடையில் வாங்கிச் சேமித்த டீசலைப் பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பயன்படுத்தினால் இடர் நேரும். லடாக் போன்ற பனிப்பிரதேசங்களில் சாதாரணக் குளிர்கால டீசலும் போதாது. அதற்கென மைனஸ் 33 டிகிரி வரை பாயும் தன்மையை இழக்காத தனி டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகம் செய்தது.

உறைந்த டீசலை இளக்க எண்ணெய்த் தொட்டியின் கீழோ எஞ்சினின் கீழோ தீ மூட்டுதல் கூடாது. வெந்நீரில் நனைத்த துணியை வடிகட்டிமீதும் குழாய்மீதும் சுற்றினால் போதும். வண்டியை இரவில் காற்றுப்படாத கொட்டகையில் நிறுத்துவதும், தொட்டியை மாலையிலேயே நிரப்பிவைப்பதும் நன்று. வெற்றிடம் மிகுந்த தொட்டியில் இரவுக் குளிரால் ஈரம் படிந்து நீராகச் சேரும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், கருவிப்பலகையிலுள்ள விளக்கு அணையும்வரை காத்திருந்த பின்னரே ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதற்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே தடையை அளந்தால், மின்னோட்டம் சிறிதும் இல்லாதது கருகிவிட்டது என்பது தெளிவாகும். எஞ்சின் எண்ணெயின் தடிப்பும் கவனத்திற்குரியது. தயாரிப்பாளர் குறித்ததைவிடத் தடித்த எண்ணெய் ஊற்றப்பட்டால், குளிரில் அது பாகு போலாகிச் சுழற்சியைத் தடுக்கும்.

காற்றுள் ஈதர் தெளித்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் பற்றியும் கூற வேண்டும். ஈதர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியது. ஹீட்டர் பிளக்கோ, காற்றுவழியில் சூடேற்றும் கருவியோ உள்ள எஞ்சினில் அதனைத் தெளித்தால் காற்றுவழியிலேயே வெடிப்பு நேரலாம்; பிஸ்டனும் வளையங்களும் உடையலாம். பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்றுவாயில் வைப்பதும் இத்தகையதே. ஒவ்வொரு நாளும் ஈதர் கேட்கும் எஞ்சின், உண்மையில் தன் அமுக்கக் குறைவையே தெரிவிக்கிறது.

காற்றும் அமுக்கமும்

கதிரடிக்கும் காலத்தில் தூசியும் வைக்கோல் துகளும் காற்று வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடக்கூடும். நெடுநாள் நின்ற வண்டியின் காற்றுவாயில் குளவிக் கூடும் எலி வளையும் காணப்படுவதுண்டு. எண்ணெய்த் தொட்டி உள்ள வடிகட்டியில் கசடைக் கழுவிக் குறியிட்ட அளவிற்கு மட்டும் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். காகித வடிகட்டியைக் கழுவுதல் கூடாது. வடிகட்டியின்றி எஞ்சினை ஓட்டினால் மணற்றுகள் சிலிண்டரை அரைத்து, இன்றைய கடினமான கிளப்பலைச் சில மாதங்களில் நிரந்தரமாக்கிவிடும்.

சுழற்சி, எரிபொருள், காற்று மூன்றும் சரியாக இருந்தும் வெண்புகையோடு எஞ்சின் மறுக்குமாயின், இறுதியாக அமுக்கம் சோதிக்கப்பட வேண்டும். முதலில் வால்வு இடைவெளி தயாரிப்பாளரின் அளவுப்படி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி இன்றி இறுகிய வால்வு முழுவதும் மூடாமல் காற்றைக் கசியவிடும். இது செலவின்றிச் சரிசெய்யக்கூடியது. அதன்பின் அமுக்க அளவியால் ஒவ்வொரு சிலிண்டரையும் சோதித்தல் வேண்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானமும், ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதன் வால்வு, வளையம், கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்றின் பழுதும் காரணமாகும்.

புதுவகை எஞ்சின்கள்

சாலை வண்டிகளுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை ஆறு என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்ப அமைக்கப்பட்ட டீசல் எஞ்சின்களில், பொதுக்குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருள் தேக்கப்பட்டு, மின்னணுக் கட்டளையால் பீய்ச்சப்படுகிறது. அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் செல்வதுண்டு. பழைய எஞ்சினில் செய்வதுபோல் இன்ஜெக்டர் குழாயின் திருகைத் தளர்த்திச் சோதிப்பது இங்கு உயிருக்கே ஆபத்தாகும். இவற்றில் பாட்டரி, இணைப்பு, ஃபியூஸ், வடிகட்டியிலுள்ள நீர், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்தபின், குறையறியும் மின்னணுக் கருவி உள்ள பணிமனையை நாடுவதே முறை. எனினும் மேற்கூறிய நான்கு தேவைகளும் இவ்வெஞ்சின்களுக்கும் பொருந்தும். பாட்டரி நலிந்தால் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பும் நலியுமாதலால், முதற்படி இங்கு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் விளக்க சைக்கிள் பம்பு ஒன்றே போதும். பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு வேகமாகப் பலமுறை அமுக்கினால் குழலின் அடிப்பகுதி சூடாவதை மாணவர் தொட்டறியலாம். அதே எண்ணிக்கையில் மிக மெதுவாக அமுக்கச் செய்தால் சூடு அவ்வளவு தோன்றாது. வேகத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பு இவ்விரு சோதனைகளால் மனத்தில் பதியும். பின்னர் பம்பினுள் சிறிது நீர் விட்டு அமுக்கச் சொன்னால், நீர் அமுங்காமையும் விளங்கும். அதனைக்கொண்டு எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழி ஏன் தீங்கு என்பதை மாணவரே கூறும்படி செய்யலாம். மூத்த மாணவர்க்கு ஓம் விதிப்படி, 200 ஆம்பியர் பாயும் கம்பியில் 0.005 ஓம் தடை எத்தனை வோல்ட்டை இழக்கச் செய்யும் என்னும் கணக்கைத் தரலாம். விடை 1 வோல்ட்.

களப் பணியாளர்க்கு

டிராக்டர்களைக் கையாளவும் பராமரிக்கவும் பயிற்சியளிப்பதற்கென மத்திய அரசு 1955-இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், 1963-இல் ஹரியானாவின் ஹிசாரிலும் நிலையங்களைத் தோற்றுவித்தது. அந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்திலும் அசாமின் பிஸ்வநாத் சாரியாலியிலும் பின்னர் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. இவற்றில் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு வட்டாரத்தில் இருப்பாராயின், பல டிராக்டர்கள் பயன்பெறும்.

பயிற்சி பெறாதவரும் செய்யக்கூடிய ஒரு சிறு செயல் உண்டு. வண்டியின் பதிவேட்டில் நாள்தோறும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய டீசலையும் குறிக்கும்போது, அன்று காலை எஞ்சின் கிளம்புவதற்குப் பிடித்த வினாடிகளையும், அப்போது கண்ட புகையின் நிறத்தையும் சேர்த்துக் குறித்துவர வேண்டும். இரண்டு வினாடியில் கிளம்பிய எஞ்சின் நான்கு, ஆறு என ஏறிச் செல்வதைப் பதிவேடு காட்டுமாயின், அது நின்றுபோகும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பே பாட்டரி முனைகளைத் துடைக்கவும், வடிகட்டியை மாற்றவும், வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவும் அவகாசம் கிடைக்கும். உழவுப் பருவத்தின் முதல் நாளன்று வயலோரத்தில் நின்று குறையைத் தேடுவதைக் காட்டிலும், ஓய்வான ஒரு மாலையில் நிழலில் நிறுத்திப் பார்ப்பது எளிது, செலவும் குறைவு.